இடது மரை

கோத்தன்பர்க், ஸ்வீடன்
25-2-1996

அன்பிற்குரிய அண்ணன் நாகூர் மீரான் அவர்களுக்கு, தம்பி உவைஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. தாங்களும் அண்ணியும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

பெருநாளன்று பக்கத்து வீட்டு பாலுசாமி அண்ணன் போனுக்குக் கூப்பிட்டேன். அம்மா குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அரை மணி கழித்துக் கூப்பிட்டேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கால் போனவர்களுக்குப் புதுவிதமாகக் கால் வைக்கிறார்கள். தொடையைச் செருகும் கூடும் இல்லை, இடுப்பில் கட்டும் தோல்வாரும் இல்லை. தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியம் என்கிற உலோகத்தில் மரை போட்ட தண்டு ஒன்றை இறக்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் எலும்பு அதைக் கவ்விக்கொள்கிறது. பிறகு இன்னொரு ஆபரேஷன். தோலுக்கு வெளியே சிறிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காலை மாட்டிச் சாவியால் இறுக்கினால் தீர்ந்தது. லாரி ஓட்டிய ஒருவரைப் பார்த்தேன். தங்களைப் போலவே முழங்காலுக்கு மேலே போனவர். கூழாங்கல்லை மிதித்தால்கூட எலும்பு வழியாகத் தெரிகிறது என்கிறார்.

இன்னும் சிலருக்குத்தான் செய்து பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்காரரை எடுப்பார்களா என்று தெரியவில்லை. எக்ஸ்ரே இருந்தால் பார்க்கிறேன் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். மற்ற கவலைகளை என்னிடம் விட்டுவிட்டு, தொடையை எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்கள்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் ஒரு வரி எழுதவும்.

தங்கள் தம்பி,
உவைஸ்


கணபதி, கோவை
17-3-1996

தம்பி உவைஸுக்கு, அண்ணன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று உன் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எலும்பில் மரை போடுகிறார்களா? பலே. நம் பட்டறையில் வார்ப்பிரும்பில் மரை வெட்டும் டேப் இறக்கும்போதே பத்துக்கு இரண்டு விண்டுபோகிறது. உன் டாக்டர் கையில் டேப் பிடித்துப் பழக்கம் உண்டா? இறக்கும்போது என்ன எண்ணெய் விடுவார், தேங்காய் எண்ணெயா?

எனக்கு இருக்கிற கால் போதும். அது காலே இல்லை என்பது வேறு. மூன்று தடவை அலைந்து அளவு கொடுத்ததற்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்து கொடுத்தது ஒரு வாளி. வாளிக்குள் தொடையைச் செருகி, குதிரைக்குக் கட்டுகிற மாதிரி இடுப்பில் வார் கட்டி நடக்கிறேன். வெயில் காலத்தில் வாளி நிறைய வேர்வை. பள்ளிவாசலில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் முதுகில் என் பெயரை வேறு பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறான் ஒரு புத்திசாலி. நேற்று பாலுசாமி வந்து, "ஏனுங்க பாய், பாத்து நடங்க, உழுந்துபோட்டீங்கன்னா எந்திரிக்க முடியாதுங்க" என்றார். இருபது வருஷமாக அவருக்கு பம்பு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். அவர் எனக்கு எழுந்திருக்கச் சொல்லித் தருகிறார்.

உன் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேள். மரை வலதா, இடதா? எனக்குப் போனது இடது கால். காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போதெல்லாம் அது ஒரு பக்கமாகவே திருகும், தினம் ஆயிரம் தடவை. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் ஏன் இடது மரை? வலது மரை வைத்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும் என்றுதான். எல்லோருக்கும் ஒரே மரை என்றால் இடது கால்காரன் நடு ரோட்டில் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். நான்கு வருஷமாக மெஷின் கம்பெனியில் இருக்கிறாய். இது உனக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

எக்ஸ்ரே எடுக்க எனக்கு நேரமில்லை.

நாகூர் மீரான்


கோத்தன்பர்க்
4-4-1996

அன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, உவைஸ் ஸலாமுடன் எழுதுவது. தங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் சேறு.

லாரிக்காரரை மறுபடியும் பார்த்தேன். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு உடனே நடக்க விடமாட்டார்களாம். எடை பார்க்கும் மெஷின் மேல் கம்பியை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தச் சொல்வார்களாம். வாரத்துக்கு வாரம் எடை ஏறும். எலும்பு பழக வேண்டுமல்லவா. கம்பி வெளியே வருகிற இடத்தைத் தினமும் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். நல்லதை மட்டும் சொல்லித் தங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

எக்ஸ்ரே மட்டும் அனுப்பினால் போதும். இப்போது முடிவு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

உவைஸ்


கணபதி
28-4-1996

உவைஸுக்கு, அண்ணன். ஸலாம். சுகம் விசாரிக்கிற பகுதியை நீயே எழுதிக்கொள், உனக்குத்தான் அது நன்றாக வருகிறது.

மரை வலதா இடதா என்று கேட்டேன். நீ சேற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். எடை மெஷின் மேல் ஏற்றி நிறுத்துவார்களாம். நான் என்ன உடுமலைச் சந்தைக்கு வந்த தேங்காய் மூட்டையா, வாரா வாரம் எடை போட?

கோயமுத்தூரில் லேத் ஓட்டத் தெரியாதவன்கூட மரை எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பான். நீ என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். உன் ஸ்வீடன் கம்பெனியில் உனக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், வாசலில் சல்யூட் அடிக்கிற வேலையா? அந்த டாக்டர்களுக்கோ எனக்கோ மரை கழன்றிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்தேன். இரண்டும் இல்லை, உனக்குத்தான்.

என் கால் போன ஆறாவது வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. எனக்குக் கட்டுப் பிரிக்கும்போது விமானத்தில் இருந்தாய். இப்போது ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு கால் வைக்கிறேன் என்கிறாய். பெரிய மனுஷன்.

இந்த விஷயமாக இனி எழுதாதே.

நாகூர் மீரான்


கணபதி
7-7-1996

தம்பி உவைஸுக்கு, அண்ணி இஸ்மத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அவர் எழுதியதில் மனசு நொந்திருப்பீர்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் உங்களுக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். அந்தக் கால் அவருக்குச் சேரவில்லை. தொடை முழுக்கப் புண். கொஞ்சம் ஆறும், மாட்டுவார், மறுபடி கிழியும். லேத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை. பெரிய வேலையெல்லாம் காளிச்சாமி அண்ணன்தான் செய்கிறார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைத் திட்டுகிறார். "ஏனுங்க, தம்பி சொல்றபடி ஒரு எக்ஸ்ரே எடுத்தா என்னங்க" என்று கேட்டேன். "அவன் வெக்கற காலு எனக்கு வேண்டாம்" என்றார்.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்தால் அம்மாவுக்கு அவர்தான் படித்துக் காட்டுவார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கிற இடம் வந்ததும் அவர் அதைத் தாண்டிவிடுகிறார். ஒவ்வொரு தடவையும். பிறகு நான் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகன் காலை மகனே ஒடித்தான் என்று அந்த மனுஷிக்கு ஆறவே இல்லை, தம்பி. நான் என்ன சொல்வேன்.

அண்ணி இஸ்மத்


கோத்தன்பர்க்
28-7-1996

அண்ணன் அவர்களுக்கு, உவைஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமாக இருக்க துஆ.

தாங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்கு மெஷின் கம்பெனியில் வேலை இல்லை. வந்த முதல் வாரம் சேர்ந்தேன். அங்கே தலைக்கு மேல் பாரம் தூக்குகிற செயின் பிளாக் தொங்கியது. அதன் சங்கிலியை இழுக்கச் சொன்னார்கள். என் கை போகவில்லை. மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். அந்த லாரிக்காரரைப் பார்த்ததும் தரை துடைக்கும்போதுதான். டாக்டரிடம் பேச எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு லேத்தில் ஏற்ற வேண்டிய பம்பு வார்ப்புக்குக் கயிறு போட்டு, அதைக் கொக்கியோடு சேர்க்கும் ஷாக்கிள் வளையத்தில் பின் செருகியது நான். திருகி இறுக்கினேனா, பாதியில் விட்டேனா? நான்கு வருஷமாக யோசிக்கிறேன். ஒரு நாள் இறுக்கியதாக ஞாபகம் வருகிறது, மறுநாள் இல்லை. டீ குடிக்கப் போகிற அவசரத்தில் விட்டிருப்பேன். திரும்பி வந்து சங்கிலியை இழுத்ததும் நான்தான், வார்ப்பு தங்கள் கால் மேல் விழுந்தது. தாங்கள் ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேன்.

மரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். நர்ஸ் ஒருவர் எனக்காகப் பேசினார். டாக்டர் சிரிக்கவில்லை. கேட்டது யார் என்று விசாரித்தார். மரை முதலில் பிடிமானத்துக்குத்தான், பிறகு எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் எந்தப் பக்கம் திருகினாலும் கழலாது என்பது அவர் கணக்கு. ஆனாலும் நல்ல கேள்வி என்றார். ஒருவேளை அளவுக்கு மீறித் திருகினால் வெளியே இருக்கிற பாகம் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும், உள்ளே எலும்பு உடையக் கூடாது, அப்படித்தான் செய்யப் பார்க்கிறோம் என்றார்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டுங்கள். ஒரு இடமும் விடாமல்.

உவைஸ்


கோத்தன்பர்க்
15-9-1996

அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். நலமா? கடிதம் போட்டு ஏழு வாரம் ஆகிறது. கிடைத்ததா என்றாவது எழுதுங்கள். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். தங்கள் திட்டுக்கு நான் பழகியவன்தான்.

உவைஸ்


கணபதி
20-10-1996

தம்பி உவைஸுக்கு, அண்ணன் நாகூர் மீரான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. லேத்துக்குக் கீழே டிராயரில் வைத்துப் பூட்டினேன். அதே டிராயரில் வேறொரு சாமானும் இருக்கிறது. அரை இஞ்ச் போல்ட், இரண்டு துண்டாக.

நீ பின்னை இறுக்கியிருந்தாய். நன்றாக இறுக்கியிருந்தாய், கழற்றுவதற்கு எனக்கு ஸ்பானர் வேண்டியிருந்தது. நீ பேக்கரிக்கு டீ குடிக்கப் போனாய். பின்னின் தலை லேத்தில் இடித்தது. கயிற்றை மாற்றிப் போட வேண்டியதுதான், பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம் யார் செலவழிப்பது? நான் பெரிய மேஸ்திரி. பின்னை உருவிவிட்டு, கையில் கிடைத்த போல்ட்டைச் செருகினேன். நட்டுகூடப் போடவில்லை. காளிச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். "மொதலாளி, அது தாங்குங்களா" என்றான். "உன்ற வேலையப் பாருடா" என்றேன். நீ வந்தாய், நான் இழு என்றேன், நீ இழுத்தாய்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள், "கயித்தக் கட்டுனது யாரு?" நான் உவைஸ் என்றேன். பொய் இல்லை. கட்டியது நீதான். அதுதான் இதில் கேவலம், பொய்கூடச் சொல்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வாரம். நீ போன பிறகு, ஓடிப்போனவன்தானே என்று உன்மேல் ஒரு வெறுப்பை வளர்த்துக்கொண்டேன். வளர்க்க வளர்க்க அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது. குற்றம் செய்யாதவன் ஏன் ஓடினான் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். என்னை மாதிரி ஒரு நாய்க்கு எதற்குக் கால்?

வெளியே இருக்கிறது விட்டுக்கொடுத்து எலும்பைக் காப்பாற்ற வேண்டும் என்றாராம் உன் டாக்டர். அவருக்கு வேலை தெரியும். அவரைத் தேங்காய் எண்ணெய் என்று எழுதியதை மறந்துவிடு.

எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். உனக்கு இன்னும் அனுப்ப மனசு இருந்தால் சொல், அனுப்புகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நாகூர் மீரான்


கோத்தன்பர்க்
8-11-1996

நாகூர் மீரானுக்கு.

கடிதம் கிடைத்தது. எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாயால் சொல்லுங்கள். ஊரில் உள்ள எல்லோரையும் திட்டுவதற்கு உங்களுக்கு இருக்கிற வாய் இதற்கும் போதும்.

காளிச்சாமிக்குத் தெரியும், டிராயருக்குத் தெரியும். எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியாது. நான்கு வருஷம் இங்கே ஒரு வராந்தாவைத் துடைத்திருக்கிறேன். முன்னூறு அடி நீளம். ஒரு முனையில் இறுக்கினேன், மறுமுனையில் இறுக்கவில்லை, திரும்பி வரும்போது இறுக்கினேன். ஓடிப்போனவன் என்று எழுதினீர்கள். மரை கழன்றவன் என்று எழுதினீர்கள். உங்கள் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது.

எக்ஸ்ரேயை அனுப்ப வேண்டாம். நான் கேட்டது ஒரு வரி. அது உங்களிடமிருந்து இல்லை.

உவைஸ்


கணபதி
1-12-1996

தம்பி உவைஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? இந்தத் தடவை கேட்டே விடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். டிராயரில் இருந்த இரண்டு துண்டையும் கையில் கொடுத்துச் சொன்னேன். உன் கடிதங்களையும் படித்தேன். தாண்டிய இடங்களை எல்லாம் திரும்பப் படிக்கச் சொன்னாள், மூன்று தடவை. பிறகு இரண்டு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. இன்று காலையில் காகிதம் எடுத்து வா என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இஸ்மத் பக்கத்தில் நின்று நான் எழுதுவதைச் சரிபார்க்கிறாள். என்மேல் நம்பிக்கை இல்லையாம்.

"எழுதுடா. கண்ணு உவைஸு, அம்மா சாஜிதா பேகம் சொல்றேன். எழுதிட்டியா? உங்கண்ணனுக்குக் காலு ஒண்ணுதான் போச்சுன்னு இருந்தேன். நாக்கும் சேந்து போயிருக்குது, நாலு வருசமா. அப்படியே எழுது, நல்ல தமிழா மாத்தாத. எம்பட வகுத்துல பொறந்தவன் இத்தன பெரிய கோழைன்னு எனக்குத் தெரியாது. ஊரே இவனப் பாவம் பாவம்னுச்சு, இவனும் கேட்டுட்டு உக்காந்திருந்தான். வெக்கம் கெட்டவன்.

"நானும் ஒண்ணும் ஒழுங்கு இல்ல கண்ணு. கட்டுனது யாருன்னு கேட்டவ, அவுத்தது யாருன்னு கேக்கல. பெத்தவளுக்குக் கேக்கத் தோணியிருக்கோணும். பாலுசாமி ஊட்டுக்கு நீ போன் பண்ணினியே, அன்னிக்கு நான் குளிக்கல. போனுக்குப் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தேன். அவங்க ஊட்டுப் பொண்ணு எங்கைல குடுக்க வந்துச்சு. நாந்தான் தலைய ஆட்டுனேன். ரெண்டாந் தடவையும் நின்னுட்டுத்தான் இருந்தேன்."

இந்த இடத்தில் அம்மா இஸ்மத்திடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"எழுது. தரை தொடச்சது போதும். ஊருக்கு வா. அந்தச் சங்கிலிய நீ தொட வேண்டாம், அவனே இழுத்துக்கட்டும்."

இஸ்மத் முழுவதும் வாசித்துக் காட்டினாள். கோழை என்பதற்குப் பிறகு கழுதை என்று ஒரு சொல் இருந்ததாம், நான் விட்டுவிட்டேனாம். சேர்த்துப் படித்துக்கொள்.

இனி நான் எழுதுவது. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும் எக்ஸ்ரேயை இந்த உறைக்குள் வைத்தேன். நீ டாக்டரிடம் காட்டினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, உன் இஷ்டம் என்று இருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். என்னடா கருப்புக் காகிதம் என்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என் எலும்பை நெடுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. "டாக்டருக்குப் போகோணும்மா" என்றேன்.

"போகட்டும். ஆனா தபால்ல போகாது. வேணும்கறவன் வந்து எங்கைல வாங்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, படத்தைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாகூர் மீரான்